முதல் பெட்டியின் விலை

கோப்பிங்கன்

மாதிரி ரயில் பொழுதுபோக்குக்குள் நுழைய ஜெர்மனியில் ஆகும் குறைந்தபட்சச் செலவு ஏறத்தாழ 100 யூரோ. யூரோவுக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பத்தாயிரம் ரூபாய். அந்தப் பணத்துக்கு ஓர் இன்ஜின், இரண்டு மூன்று வண்டிகள், நீள்வட்டமாகக் கோக்கத் தண்டவாளத் துண்டுகள், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி எல்லாம் ஒரே அட்டைப்பெட்டியில் வந்துவிடும். சாப்பாட்டு மேசையில் பிரித்துப் போட்டால் அரை மணியில் ரயில் ஓடும். அதற்குப் பிறகு எவ்வளவு ஆகும் என்பதற்குத்தான் ஒரே பதில் கிடையாது. தெற்கில் ஸ்வேபிய மலையடிவாரத்தில் ஏறி வடக்கே ஹாம்பர்க் துறைமுகம் வரை போனால், அந்தப் பதில்கள் ஊருக்கு ஒன்றாக எதிர்ப்படும்.

முதல் ஊர் கோப்பிங்கன். ஷ்டுட்கார்ட்டுக்கும் உல்முக்கும் நடுவில், ஃபில்ஸ் ஆற்றங்கரையில் இருக்கும் தொழில் நகரம். அழகான ஊர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் மாதிரி ரயில் வைத்திருக்கும் எவருக்கும் இந்தப் பெயர் தெரியும். 1859இல் தியோடோர் மெர்க்லின் என்ற தகரத் தொழிலாளி இங்கே பட்டறை போட்டார். அவர் செய்தது ரயில் அல்ல, பொம்மை வீட்டுச் சமையலறைக்கான சின்னஞ்சிறு அடுப்புகளும் பாத்திரங்களும். மனைவி கரோலின் ஊர் ஊராகப் போய் அவற்றை விற்றார். 1866இல் கணவர் இறந்தபின் கடையை இழுத்துப் பிடித்து நடத்தியவரும் அவரே. பிள்ளைகள் கைக்கு வந்த பிறகு, 1891 லைப்ஸிக் சந்தையில் மெர்க்லின் ஒரு ரயிலை வைத்தது. அதற்கு முன்பும் பொம்மை ரயில்கள் இருந்தன. மெர்க்லின் கொண்டுவந்தது வேறு: தண்டவாள அகலத்தை எண்ணிட்டு நிலையாக வரையறுத்தது. இந்த ஆண்டு வாங்கும் பாதையோடு அடுத்த ஆண்டு வாங்கும் கிளைப்பாதை பொருந்தும், அதற்கடுத்த ஆண்டு ஸ்டேஷன் சேரும், பிறகு சிக்னல்.

பொம்மை வீட்டுக்குச் சாமான் விற்றுப் பழகிய குடும்பத்துக்கு இது இயல்பாக வந்த யோசனை. நம் வீட்டுக் கொலுவும் இப்படித்தான் வளர்கிறது: ஆண்டுக்கு ஒரு புதுப் பொம்மையாவது வாங்கியாக வேண்டும், படிகள் தாமாகவே கூடும். கொலுவுக்கு நவராத்திரி; அங்கே கிறிஸ்துமஸ். மாதிரி ரயில் செலவின் இலக்கணம் முழுவதும் அந்த 1891ஆம் ஆண்டு யோசனையில் அடங்கியிருக்கிறது. முதல் பெட்டி மலிவாக இருப்பது தற்செயல் அல்ல.

2021இல் திறக்கப்பட்ட மெர்க்லினியம் அருங்காட்சியகத்தில் தகர ரயில்கள் முதல் இன்றைய டிஜிட்டல் இன்ஜின்கள் வரை வரிசையாக நிற்கின்றன. பார்வையாளர்களில் பெரும்பகுதி தாத்தாக்கள். பேரப்பிள்ளை ஒரு சாக்கு. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பச்சைநிற ‘முதலை’, அதாவது நீண்ட மூக்குள்ள சுவிஸ் மலை இன்ஜின், அவர்களை நகரவிடுவதில்லை. பையன் அதற்குள் விற்பனைக் கூடத்தில் நிற்பான். அங்கே சிறுவர்களுக்கான பேட்டரி ரயில் 50 யூரோவிலிருந்து 100 வரை; பெரியவர்களுக்கான டிஜிட்டல் தொடக்கப்பெட்டி 250இலிருந்து 500 வரை; ஒலியும் விளக்கும் உள்ள தனி இன்ஜின் ஒன்று 300இலிருந்து 500, சில அதற்கும் மேல். சிக்கனத்துக்குப் பேர்போன ஸ்வேபியர்கள் நாட்டிலேயே விலைகூடிய பொம்மையைச் செய்து விற்கிறார்கள் என்பது ஜெர்மனியர்களே சொல்லிச் சிரிக்கும் செய்தி.

விலைக்குக் காரணம் உலோக வார்ப்பும் கைவேலையும். ஓர் இன்ஜினில் நூற்றுக்கணக்கான உறுப்புகள். ஒவ்வொரு வகைக்கும் தனி அச்சு. விற்பனையோ சில ஆயிரங்களில். உற்பத்தியின் ஒரு பகுதி ஹங்கேரியின் கியோருக்குப் போய்விட்டது. அப்படியும் 2009 பிப்ரவரியில் மெர்க்லின் திவால் மனு கொடுத்தது. 2013இல் சிம்பா-டிக்கி பொம்மைக் குழுமம் வாங்கியது.

இங்கே வாங்குகிறவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மெர்க்லினின் எச்ஓ என்ற அளவுப் பாதையில் இரு தண்டவாளங்களுக்கு நடுவே, ஸ்லீப்பர் கட்டைகளின் மேல் சிறுசிறு உலோகப் புள்ளிகள் தெரியும். இன்ஜினின் வயிற்றுக்கடியில் உள்ள நீண்ட தகடு அவற்றை உரசிக்கொண்டே மின்சாரம் எடுக்கிறது. மற்ற நிறுவனங்கள் பெரும்பாலும் இரண்டு தண்டவாளங்களையே இரு மின்முனைகளாக வைத்துக்கொள்கின்றன. அந்த இன்ஜின் இங்கே ஓடாது. இந்த இன்ஜின் அங்கே ஓடாது. மெர்க்லின் வண்டியை இரு தண்டவாள முறையில் ஏற்றினால் சக்கரங்களை மாற்றாதவரை ஷார்ட் சர்க்யூட் ஆகும். 200 யூரோ மிச்சம் பிடிக்கத் தள்ளுபடியில் வாங்கிய முதல் பெட்டி, அடுத்த இருபது ஆண்டுக்கு யாரிடம் வாங்குவது என்பதையும் சேர்த்து முடிவு செய்துவிடுகிறது.

மதிய உணவுக்கு ஊர்க்காரர்கள் கைகாட்டுவது மவுல்டாஷன்: கீரையும் கறியும் வைத்து மடித்த மாவுச் சதுரங்கள், தெளிந்த சாற்றில் மிதந்து வரும். தட்டு நிறைய வரும் இந்தச் சாப்பாட்டின் விலை ஒரு சரக்கு வண்டியின் விலையில் பாதிகூட இராது. பக்கத்து மேசையில் அப்படிக் கணக்குப் போடுகிறவர் ஒருவராவது இருப்பார்.

கைஸ்லிங்கன் ஏற்றம்

உல்ம் நோக்கிப் போகும் சாதாரண ரயில் கைஸ்லிங்கனைத் தாண்டியதும் மூச்சுவாங்குகிறது. ஒருபுறம் சுண்ணாம்புப் பாறை, மறுபுறம் சரிந்து இறங்கும் பள்ளத்தாக்கு, நடுவில் வளைந்து வளைந்து ஏறும் பாதை. 1850இல் திறந்தது. ஆயிரம் மீட்டருக்கு 22.5 மீட்டர் ஏற்றம். கனமான சரக்கு ரயிலைப் பின்னாலிருந்து இன்னோர் இன்ஜின் தள்ளிவிடும் வழக்கம் இன்றும் இருக்கிறது. 2022 டிசம்பரில் புதிய அதிவேகப் பாதை வந்தபின் அவசரக்காரர்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள்; ஜன்னலோரம் உட்கார விரும்புகிறவர்களுக்கு இது மிச்சம்.

இப்படியொரு மலைப்பாதையை வீட்டில் செய்து பார்க்கும் ஆசையால்தான் பலர் இந்தப் பொழுதுபோக்குக்குள் வருகிறார்கள். கணக்கு உடனே முட்டுகிறது. எச்ஓ அளவு 87இல் ஒரு பங்கு. 5.6 கிலோமீட்டர் ஏற்றத்தை அப்படியே செய்தால் 64 மீட்டர் வேண்டும். 300 மீட்டர் ஆரமுள்ள வளைவு மாதிரியில் மூன்றரை மீட்டர் ஆரமாகும். தொடக்கப்பெட்டியில் வரும் வளைவின் ஆரமோ 36 சென்டிமீட்டர்; நிஜத்தில் 31 மீட்டர், டிராம் வண்டிதான் திரும்பும். அந்த இறுக்கமான வளைவிலும் அசிங்கமில்லாமல் ஓடவேண்டும் என்பதற்காக நீளமான பயணிகள் பெட்டிகளைச் சில நிறுவனங்கள் கொஞ்சம் குறுக்கியே செய்கின்றன. 26.4 மீட்டர் பெட்டி 30 சென்டிமீட்டருக்குப் பதில் 28 சென்டிமீட்டராக வரும்.

ஏற்றமும் இடம் கேட்கும். ஒரு பாதை இன்னொன்றின் மேல் பாலத்தில் கடக்க ஒன்பது பத்து சென்டிமீட்டர் உயர வேண்டும். நூற்றுக்கு மூன்று என்ற சாய்வில் ஏறினால், மூன்று மீட்டர் பாதை போட்டால்தான் அந்த உயரம் வரும். இறங்க இன்னொரு மூன்று. ஆகவே மலை வேண்டும் என்கிறவர் முதலில் வாங்குவது அறையை. ஜெர்மனியில் அந்தச் செலவு கண்ணுக்குத் தெரியாது. வாடகை வீட்டுக்குக்கூடப் பெரும்பாலும் ஒரு நிலவறைத் தடுப்பு உண்டு. சொந்த வீடென்றால் மேல்மாடப் பரண் உண்டு. சைக்கிளும் உருளைக்கிழங்கும் இருக்கும் இடத்தில் ரயிலும் இருக்கும். சென்னையில் இரண்டு படுக்கையறை வீட்டில் இரண்டு மீட்டருக்கு ஒரு மீட்டர் மேசை போடுவதென்றால் யாருடைய கட்டிலை எடுப்பது என்ற கேள்வியில் தொடங்க வேண்டியிருக்கும். சதுர அடி விலையைச் சேர்த்தால் இந்தப் பொழுதுபோக்கின் மிகப் பெரிய செலவு இன்ஜின் அல்ல.

நியூரம்பெர்க்

ஜெர்மனியின் முதல் நீராவி ரயில் 1835 டிசம்பர் 7 அன்று நியூரம்பெர்க்கிலிருந்து ஃப்யூர்த் வரை ஓடியது. ‘ஆட்லர்’ என்ற அந்த இன்ஜினின் நகல் இங்குள்ள ரயில்வே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பொம்மைத் தொழில் அதற்கும் பழையது. 1950 முதல் நடக்கும் பொம்மை வணிகச் சந்தையும் இங்கேதான். ஆண்டுத் தொடக்கத்தில் நடக்கும் அதில் வணிகர்களுக்கு மட்டுமே அனுமதி. ஆனால் புதிய இன்ஜின்களின் பட்டியல் அந்தப் பருவத்தில் வெளியாவதால் நாடெங்கும் உள்ள பொழுதுபோக்காளர்களுக்கு ஜனவரிதான் ஏக்க மாதம்.

ஃப்ளைஷ்மன், டிரிக்ஸ், அர்னால்ட், லேமன் எல்லாம் மாதிரி ரயில் செய்த இந்த ஊர் நிறுவனங்களின் பெயர்கள். அளவு பற்றிய இரண்டு எதிரெதிர் யோசனைகள் இங்கிருந்து கிளம்பின. 1960களில் அர்னால்ட் 9 மில்லிமீட்டர் பாதையில் ஓடும் ‘என்’ அளவைக் கொண்டுவந்தது: 160இல் ஒரு பங்கு. 1968இல் லேமன் நேரெதிராக, 45 மில்லிமீட்டர் பாதையில், தோட்டத்தில் மழையிலும் ஓடும் எல்ஜிபி ரயிலை இறக்கியது. மெர்க்லின் 1972இல் 220இல் ஒரு பங்காக ‘இசட்’ அளவைச் செய்து சட்டைப்பைக்குள் இன்ஜினைப் போட்டது.

சின்னதாக வாங்கினால் செலவு குறையும் என்று நினைப்பது இயல்பு. பாதி உண்மை. ‘என்’ அளவில் அதே காட்சிக்கு எச்ஓவின் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான பரப்பு போதும். பலகையும் பாதையும் மிச்சம். இன்ஜின் விலையோ அதே விகிதத்தில் இறங்குவதில்லை. நுண்ணிய பல்சக்கரங்களைச் செய்யும் உழைப்பு குறைவதில்லையே. நல்ல ‘என்’ இன்ஜின் 150இலிருந்து 300 யூரோ கேட்கிறது. எல்ஜிபி பக்கம் போனால் ஓர் இன்ஜின் சாதாரணமாகவே 500ஐத் தாண்டும். தோட்டம் வேறு வேண்டும்.

கடைத்தெரு ஓரம் விரல் நீளமுள்ள சுட்ட இறைச்சிக் குழல்களை மூன்றாகச் சேர்த்து ஒரு ரொட்டிக்குள் வைத்துத் தருகிறார்கள். நின்றபடி தின்றுகொண்டே பார்த்தால், எதிரில் உள்ள மாதிரி ரயில் கடைக்குள் போகிறவர்களில் பலர் இன்ஜின் வாங்கப் போகவில்லை என்பது புரியும். அவர்கள் கையில் வெளியே வருவது கிளைப்பாதைகள், அவற்றை இயக்கும் மோட்டார், அதற்கு வரும் மின்கட்டளையைப் புரிந்துகொள்ளும் டிகோடர். செலவு கசியும் ஓட்டை இதுதான். பாதையைப் பிரிக்கும் ஒரு கிளைப்பாதை, மோட்டாரும் டிகோடரும் சேர்த்து 60 முதல் 80 யூரோ ஆகிறது. சிறிய ஸ்டேஷன் யார்டுக்கே ஆறு வேண்டும். பழைய அனலாக் முறையில் தண்டவாளத்து மின்னழுத்தத்தைக் கூட்டினால் எல்லா இன்ஜினும் ஒன்றாக வேகமெடுக்கும். கீஸன் நகர லென்ஸ் நிறுவனம் முன்னின்று உருவாக்கிய டிஜிட்டல் முறையில் மின்னழுத்தம் எப்போதும் ஒன்றே. ஒவ்வொரு இன்ஜினுக்கும் ஒரு முகவரி, அதன் பெயருக்கு வரும் கட்டளையை மட்டும் அது கேட்கும். வசதிதான். ஆனால் பழைய இன்ஜின் ஒவ்வொன்றுக்குள்ளும் 25 முதல் 40 யூரோ டிகோடர் வைக்க வேண்டும். ஒலியும் வேண்டுமென்றால் நூறைத் தொடும். மெர்க்லினின் திரையுள்ள பெரிய கட்டுப்பாட்டுப் பெட்டி 700 யூரோவைத் தாண்டுகிறது. தொடங்குகிறவருக்கு அது தேவையே இல்லை; கைக்கடக்கமான கருவியும் கையால் தள்ளும் கிளைப்பாதையும் போதும்.

கோபுர்க் போகும் வழி

குளிர்கால ஞாயிறுகளில் பிராங்கோனியச் சிற்றூர்களின் மண்டபங்களில் பழைய ரயில் சந்தை கூடும். மேசை மேசையாக மஞ்சளேறிய அட்டைப்பெட்டிகள், காபி மணம், பரங்கிக்காய் நிறக் கேக். விற்பவர்களில் பாதிப்பேர் வியாபாரிகள் அல்ல. இறந்துபோன அப்பாவின் சேகரிப்பைக் கரைக்க வந்த பிள்ளைகள். ஒரு தலைமுறை முழுவதும் சேர்த்தது ஒரே சமயத்தில் சந்தைக்கு வருகிறது. வாங்கும் தலைமுறையோ சிறியது. அதனால் சரக்கு வண்டி ஐந்து பத்து யூரோவுக்குக் கிடைக்கும்; பழைய மெர்க்லின் அனலாக் இன்ஜின் 40இலிருந்து 80க்குள் படியும். ‘இது பின்னாளில் விலை ஏறும்’ என்று சொல்லி வாங்கிய தகப்பன்மார்களின் கணக்கு இங்கே பொய்த்துக் கிடக்கிறது. முதலீடு என்று இதில் இறங்குகிறவரைத் தடுக்க இந்த மண்டபத்துக்கு அழைத்து வந்தாலே போதும்.

மேசை ஓரத்தில் அரை மீட்டர் சோதனைப் பாதை இருக்கும். கேட்டால் விற்பவர் இன்ஜினை அதில் வைத்து ஓட்டிக் காட்டுவார். கேட்காமல் வாங்குவது மரியாதை அல்ல, அசட்டுத்தனம். பல ஆண்டு ஓடாமல் இருந்ததில் எண்ணெய் பிசினாகி, இன்ஜின் முனகிவிட்டு நிற்கும். நல்ல விற்பவர் அதைத் தலைகீழாகத் திருப்பி, சக்கரத்து அச்சில் ஊசிமுனையளவு எண்ணெய் வைத்து, மீண்டும் ஓட்டுவார். இரண்டாம் முறை முனகல் குறையும், மூன்றாம் முறை ஓடிவிடும். விலை பேசுவது அதற்குப் பிறகு. பேரம் உண்டு, ஆனால் நம் ஊர்போலப் பாதியில் தொடங்கக் கூடாது. இரண்டு மூன்று சாமானைச் சேர்த்தெடுத்துக்கொண்டு மொத்தமாகக் கேட்பதே அங்குள்ள பழக்கம்.

சோனபெர்க்

கோபுர்க்குக்கும் சோனபெர்க்குக்கும் இடையே தூரம் இருபது கிலோமீட்டர்தான். நாற்பது ஆண்டுக்கு மேல் அந்தத் தூரத்தை ரயிலில் கடக்க முடியவில்லை. நடுவில் இரு ஜெர்மனிகளின் எல்லை. 1991இல்தான் பாதை மீண்டும் திறந்தது. இன்று ஜன்னல் வழியே புல்வெளி தவிர ஒன்றும் தெரியாது.

துரிங்கிய மலையடிவாரத்துச் சோனபெர்க் பொம்மை ஏற்றுமதியால் வளர்ந்த ஊர். 1901இல் தொடங்கிய பொம்மை அருங்காட்சியகம் இங்கே உண்டு. கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் பீகோ ரயில்கள் செய்யப்பட்ட ஊரும் இதுவே. 1992இல் ரெனே வில்ஃபர் அந்த அரசு நிறுவனத்தை வாங்கினார். குறைந்த விலை ரயில் என்றால் முதலில் நினைவுக்கு வரும் பெயர்களில் ஒன்றாக பீகோ நிலைத்தது. தொடக்கத்தில் சொன்ன 100 யூரோ பெட்டி இந்த ரகம்தான்.

மலிவு எப்படி வருகிறது என்பதை இரண்டு இன்ஜின்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும். பீகோவின் ‘ஹாபி’ வரிசை இன்ஜினில் ஓட்டுநர் ஏறும் கைப்பிடி உடலோடு சேர்ந்து வார்க்கப்பட்ட ஒரு மேடு, அவ்வளவே. ‘எக்ஸ்பர்ட்’ வரிசையில் அது தனியாகப் பொருத்திய மெல்லிய கம்பி. ஒரு கம்பிக்கு ஒரு கை வேலை. ஓர் இன்ஜினில் இருபது கம்பி. உள்ளே இருக்கும் மோட்டார் இரண்டிலும் நன்றாகவே ஓடும். ஒரு மீட்டர் தள்ளி நின்றால் வித்தியாசம் கண்ணில் படாது. எட்டு வயதுப் பிள்ளை கையில் எடுக்கும்போது உடையாதது எது என்பதும் வெளிப்படை.

சின்ன அடுக்குமாடி வீடுகளில் வாழ்ந்த கிழக்கு ஜெர்மானியர்கள் இடப் பிரச்சினைக்குத் தங்கள் வழியைக் கண்டிருந்தார்கள்: எச்ஓவுக்கும் ‘என்’னுக்கும் நடுவில், 12 மில்லிமீட்டர் பாதையில் 120இல் ஒரு பங்கான ‘டிடி’. பெர்லின் சுவர் விழுந்தபின் அது செத்துவிடும் என்று எதிர்பார்த்தார்கள். சாக்சனியின் செப்னிட்ஸ் ஊரில் டில்லிக் நிறுவனம் அதை உயிரோடு வைத்திருக்கிறது.

இந்தப் பக்கத்து ஊர்களில் மாலையில் சங்கக் கட்டடங்களில் விளக்கெரியும். ஜெர்மனியில் ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். ஆண்டுச் சந்தா ஓர் இன்ஜின் விலையில் சிறு பகுதி. அதற்குள் பெரிய பாதை, கருவிகள், டிகோடர் பொருத்தித் தரும் கைகள் எல்லாம் அடக்கம். ஃப்ரேமோ போன்ற அமைப்புகளில் ஒவ்வொருவரும் வீட்டில் ஒரே ஒரு துண்டுப் பலகையை மட்டும் செய்கிறார்கள். விளையாட்டரங்கில் கூடும்போது எல்லாத் துண்டும் பொருந்தி, கால அட்டவணைப்படி வண்டிகள் ஓடுகின்றன. உருளைக்கிழங்கு உருண்டையும் குழம்பும் தின்றுகொண்டே, 7.42 வண்டி ஏன் தாமதம் என்று ஓய்வுபெற்ற பெரியவர்கள் சண்டை போடுவதைக் கேட்கலாம். செலவைக் குறைக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

ஹாம்பர்க்

எல்பே நதியின் பழைய செங்கல் கிடங்குகளுக்குள், 2001இல் திறந்த மினியேச்சர் வுண்டர்லாண்ட் என்ற மாதிரி ரயில் காட்சியகம் இருக்கிறது. அதைத் தொடங்கியவர்கள் ஃப்ரெடெரிக், கெரிட் என்ற பிரவுன் சகோதரர்கள், இரட்டையர்கள், அதுவரை இரவு விடுதி நடத்திக்கொண்டிருந்தவர்கள். சூரிக்கில் ஒரு மாதிரி ரயில் கடையைப் பார்த்ததில் பிறந்த யோசனை இது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட எச்ஓ ரயில்கள். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மனித உருவங்கள். கால் மணிக்கு ஒருமுறை பகல் போய் இரவு வரும். 2011இல் திறந்த விமான நிலையம் மட்டும் 35 லட்சம் யூரோ விழுங்கியது. விமானங்கள் ஓடுபாதையிலிருந்து எழும்பிச் சுவருக்குள் மறைகின்றன.

இங்கே கூட்டம் நிற்பது ரயில்முன் அல்ல. வயலில் சூரியகாந்தி, கால்வாயில் மிதக்கும் பிணம், போலீஸ், வேடிக்கை பார்க்கும் பாட்டி: இவைதான் விரல் நீட்டிக் காட்டப்படுகின்றன. வீட்டு மேசையிலும் கடைசிச் செலவு இதுதான், முடிவில்லாததும் இதுதான். கருங்காட்டின் ஃபாலர் நிறுவனம் 1946இலிருந்து செய்யும் கட்டட உறுப்புகள், ஒரு வீட்டுக்கு 20இலிருந்து 60 யூரோ. ப்ரைசர் நிறுவனத்தின் வண்ணம் தீட்டிய ஆறு மனிதர்கள் 15 யூரோ அளவில். ஆளுக்கு இரண்டரை யூரோ! நூறு பேர் நிற்கும் நடைமேடைக்கு 250 யூரோ. வண்ணம் தீட்டாத உருவங்களை மொத்தமாக வாங்கி, மூன்று முடி தூரிகையால் தாமே தீட்டுகிறவர்கள் அதில் கால்வாசியில் முடிக்கிறார்கள். மாலைகள் பல கழியும்.

தண்டவாளத்தடியில் ஜல்லி போடுவதும் அப்படியே. பொடிக்கல்லை ஸ்லீப்பர்களுக்கிடையே தூவி, தூரிகையால் சீவி, வெள்ளைப் பசையைச் சரிபாதி நீரில் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு துளி சேர்க்காவிட்டால் பசை முத்துமுத்தாக உருண்டு கல்லை இழுத்துக்கொண்டு போகும். சேர்த்தால் சத்தமில்லாமல் உள்ளே இறங்கும். செலவு சில சில்லறைக் காசுகள். இரண்டு மீட்டருக்கு ஒரு மீட்டர் மேசையைப் புதுச் சாமானிலேயே முடிக்க 1000 முதல் 1500 யூரோ ஆகலாம். பழைய சாமானும் சொந்தக் கையும் சேர்ந்தால் பாதிக்குள் அடங்கும்.

ஜனவரி மாதங்களில் வுண்டர்லாண்ட் வாசலில், கட்டணம் கட்ட வசதியில்லை என்று சொன்னால் இலவசமாக உள்ளே விடுகிறார்கள். சான்றுக் காகிதம் கேட்பதில்லை. வெளியே துறைமுகக் காற்றில், ஊறுகாய் மீன் வைத்த ரொட்டி.

சென்னை

ஊர் திரும்பியதும் கணக்கு மாறுகிறது. பொம்மைகளுக்கான இந்திய இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்த்தப்பட்டது. 2021 முதல் தர முத்திரைக் கட்டாயமும் வந்தது. குறிவைத்தது மலிவுப் பொம்மைகளை. மின்சார மாதிரி ரயில்களும் அதே சுங்கத் தலைப்பில் அடங்குவதால் அவற்றுக்கும் விழுந்தது. புழுதியும் கடற்காற்றும் வேறு: தண்டவாளத்தை அடிக்கடி துடைக்காவிட்டால் இன்ஜின் திக்கித் திக்கி ஓடும். இந்தியாவில் பொதுமக்கள் பார்க்கக்கூடிய நல்ல அமைப்பு என்றால் புனேவின் ஜோஷி சிறு ரயில் அருங்காட்சியகத்தைச் சொல்ல வேண்டும்.

இந்திய ரயிலைச் செய்து பார்க்க விரும்புகிறவருக்கு இன்னொரு சிக்கல். நம் பிராட்கேஜ் 1676 மில்லிமீட்டர். 87இல் ஒரு பங்கு 19.3. கடையில் கிடைக்கும் எச்ஓ பாதையோ 16.5தான். மதராஸ் மெயிலின் இன்ஜினை அதன்மேல் வைத்தால் கால் ஒடுங்கித் தெரியும். மீட்டர்கேஜுக்கு வழி உண்டு: நீலகிரிப் பாதைக்கு 11.5 மில்லிமீட்டர் வேண்டும், கோப்பிங்கனுக்கு அடுத்த யூஹிங்கனில் பேமோ நிறுவனம் சுவிஸ் மலை ரயில்களுக்காக 12 மில்லிமீட்டர் பாதை செய்கிறது. நீலகிரியின் பழைய நீராவி இன்ஜின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் கட்டப்பட்டவை என்றாலும், அவற்றின் மாதிரி கடை அலமாரியில் இருக்காது. உடலை 3டி அச்சில் எடுத்து, சந்தையில் வாங்கிய பழைய இயக்கப் பகுதியின்மேல் பொருத்துவதே சாத்தியமான வழி. செலவில் பெரும்பங்கு அப்போது யூரோவில் அல்ல, சனி ஞாயிறுகளில்.